சொல்லிச் செய்த பேஸ் கிட்டார்: கோளாறு எங்கே, முதலில் கை வைப்பது எங்கே

கடையில் தொங்கும் பேஸ் கிட்டாருக்கு ஒரு கையேடு இருக்கும். அதே மாடல் ஊரெல்லாம் இருக்கும் என்பதால், ஒருவருக்கு வந்த கோளாறு இன்னொருவருக்கும் வந்திருக்கும். கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்கள். நமக்கென்று சொல்லிச் செய்த பேஸுக்கு அந்த வசதி கிடையாது. கழுத்துக்குள் (நெக்) ஓடி அதன் வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டுக்கு எந்த அளவு சாவி, உள்ளே எந்த வயர் எங்கே போகிறது, கழுத்தில் எந்த மரத்தை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் செய்தவர் ஒருவருக்குத்தான் தெரியும். சனிக்கிழமை மாலை கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்பு பேஸ் கர்ர் என்று இரையத் தொடங்கினால் அவரைப் பிடிக்க முடியாது.

என்னுடையது ஐந்து கம்பி பேஸ். அதிரும் கம்பியின் நீளம், அதாவது ஸ்கேல், 35 அங்குலம்; மேப்பிள் மரமும் வெங்கே மரமும் மாற்றி மாற்றி ஒட்டிய நெக், திருகாணி போட்டு உடலோடு பூட்டியது. விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டு தோதகத்தி (ரோஸ்வுட்). இரண்டு ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), பேட்டரியில் ஓடி ஒலியைப் பெருக்கும் 18 வோல்ட் ப்ரீஆம்ப். சென்னை ஈரக்காற்றிலும் ஏசி ஹாலிலும் மாறி மாறி வாழ்கிற கருவி இது. இத்தனை வருஷத்தில் இதனிடம் நான் கற்றதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேலை, கோளாறு எதுவும் இல்லாத நாளில் செய்ய வேண்டியது. பேஸ் நன்றாக ஒலிக்கும்போதே அதன் அளவுகளை ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள் போட்டு வையுங்கள்: நெக்கின் வளைவு, 12ஆவது, 17ஆவது ஃப்ரெட்டில் (ஃபிங்கர்போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஒவ்வொரு கம்பியின் உயரம், பிக்கப்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி, கம்பிகளின் கனம். பின்பக்க மூடியைக் கழற்றி வயரிங்கை நாலைந்து கோணத்தில் போட்டோ எடுங்கள். செய்தவரிடம் ட்ரஸ் ராட் சாவியின் அளவையும், மேற்பூச்சு என்ன வகை என்பதையும், ப்ரீஆம்பின் வயரிங் படத்தையும் கேட்டு வாங்குங்கள். டெலிவரி நாளில் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

இன்னொரு விதியும் உண்டு. திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள். திருகை எத்தனை முறை திருப்பினாலும் திரும்பக் கொண்டுவரலாம். அரத்தால் தேய்த்த மரமும் ஃப்ரெட்டும் திரும்ப வராது.

கம்பி ஃப்ரெட்டில் பட்டு இரைகிறது

அதிகம் வருவது இதுதான். பலர் நேராக, உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜில் போய்க் கம்பியை உயர்த்திவிடுகிறார்கள். இரைச்சல் போய்விடும், வாசிக்கும் சுகமும் போய்விடும். அதனால் முதலில் எங்கே இரைகிறது என்று பாருங்கள். அந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. ஆம்ப் வழியாக அந்த இரைச்சல் கேட்கிறதா? அமைதியான அறையில் காதருகே கேட்கிற லேசான உரசல் ஸ்பீக்கரில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கம்பி தாழ்ந்திருக்கிற பேஸில் கொஞ்சம் உரசல் இருக்கத்தான் செய்யும், அதிலும் புதுக் கம்பி போட்ட வாரத்தில்.

விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் இரைந்து, முதல் ஃப்ரெட்டை அழுத்தியதும் சுத்தமாக ஒலித்தால், நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டில் அந்தக் கம்பியின் பள்ளம் ஆழமாகிவிட்டது. உறுதி செய்ய, இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவாவது இடைவெளி வேண்டும். கம்பி ஃப்ரெட்டிலேயே உட்கார்ந்திருந்தால் பள்ளத்தை நிரப்ப வேண்டும் அல்லது புது நட் போட வேண்டும். சமையல் சோடாவும் சூப்பர் குளுவும் கலந்து நிரப்புவது பழைய தந்திரம். கச்சேரியைக் கடத்த உதவும், நிரந்தரம் இல்லை.

முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் இரைகிறதா? நெக் அளவுக்கு மீறி நேராக நிற்கிறது அல்லது பின்பக்கம் வளைந்திருக்கிறது. கம்பி அதிர இடம் வேண்டும், அதனால் நெக் கொஞ்சம் முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். இதைத்தான் ரிலீஃப் என்கிறோம். முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்தி, 7 அல்லது 8ஆவது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பேஸுக்கு 0.3 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. ஃபீலர் கேஜ் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தக் கனம். பைக் மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் அதே கேஜ்தான் இது, விலையும் அதிகமில்லை.

இடைவெளி குறைவாக இருந்தால் ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும், அதிகமாக இருந்தால் இறுக்க வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கம்பியைத் திரும்பச் சுருதி சேர்த்து, சில மணி நேரம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். மரம் மெதுவாகத்தான் நகரும்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. 3/16 அங்குல ஆலன் கீ என்பது 4.76 மில்லிமீட்டர். அது 5 மில்லிமீட்டர் துளைக்குள் நுழையும், பொருந்தியது போலவே இருக்கும், திருப்பும்போது வழுக்கி உள்மூலைகளை மழுங்கடித்துவிடும். என் நண்பர் ஒருவரின் பேஸில் இப்படித்தான் ஆனது. கடைசியில் ஃபிங்கர்போர்டையே பெயர்த்து ராடை மாற்ற வேண்டி வந்தது. மனசு இன்னும் ஆறவில்லை, அது என் பேஸ் இல்லை என்றாலும். சரியான சாவி ஒன்றைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். எவர் கேட்டாலும் இரவல் தராதீர்கள்.

12ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் இரைகிறது என்றால் கம்பி தாழ்ந்திருக்கலாம், அல்லது நெக் உடலோடு சேருமிடத்தில் மரம் மேடு தட்டியிருக்கலாம். ரிலீஃப் அளவுக்கு மீறிப் போனாலும் மேல் ஃப்ரெட்டுகளில்தான் இரைச்சல் வரும், அதனால் அதை முதலில் சரிபார்த்துவிட்டு பிரிட்ஜுக்கு வாருங்கள். 17ஆவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்று ஆரம்பித்து, உங்கள் விரலின் வேகத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள். நான் அழுத்தி வாசிப்பவன், மிகத் தடித்த பி கம்பிக்கு 2.6 வைத்திருக்கிறேன்.

பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடிலை அடிவரை இறக்கியும் கம்பி உயரமாகவே இருக்கிறது என்றால் நெக்கின் கோணம் மாற வேண்டும். திருகாணி நெக்காக இருந்தால், உடலில் நெக் உட்காரும் பள்ளத்தில் மெல்லிய மரத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். ஒரு ஓரத்தில் மட்டும் அட்டைத் துண்டைச் சொருகுவதைவிட, பள்ளம் முழுதும் உட்காரும் ஆப்பு வடிவத் தகடு நல்லது. செய்தவரிடமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. நேரான ஓரமுள்ள ஒரு துண்டை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். சீசா போல ஆடினால் நடுவில் இருப்பதுதான் குற்றவாளி. அதைத் தேய்ப்பது பயிற்சி உள்ளவர் வேலை. சில சமயம் ஃப்ரெட் பள்ளத்திலிருந்து எழும்பி நிற்கும். அதை அமுக்கி ஒட்டினாலே போதும், தேய்க்க வேண்டியதில்லை. இதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரத்தை எடுத்துவிட்ட பிறகு சொல்லிப் பயனில்லை.

மழைக்காலத்தில் நெக் மாறிவிடுகிறது

அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை வந்தால் என் பேஸின் ரிலீஃப் மாறும். எந்தப் பக்கம் என்பது மரத்தையும் மேற்பூச்சையும் பொறுத்தது. உங்கள் தாளில் இரண்டு வருஷக் கணக்கு சேர்ந்தால் உங்கள் நெக்கின் குணம் தெரிந்துவிடும். ஒரு கால் சுற்றுக்குள் இருந்தால் அது கோளாறே இல்லை, மரத்தின் இயல்பு. ஐந்து கம்பிகளும் சேர்ந்து அந்த நெக்கை ஏறக்குறைய நூறு கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன, நாள் முழுதும்.

ஏசி அறையில் நெடுநாள் இருந்தால் ஃபிங்கர்போர்டு உலர்ந்து சுருங்கி, ஃப்ரெட்டுகளின் முனை ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறும். உடனே அரம் எடுக்க வேண்டாம். ஒரு மாதம் ஏசி இல்லாத அறையில், பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். பாதி உள்ளே போய்விடும். தோதகத்தியும் கருங்காலியும் வருஷத்தில் இரண்டு முறை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கேட்கும். கிட்டாருக்கென்று விற்கும் எண்ணெயைப் போடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம்: நாளாக ஆகச் சிக்கு வாடை வரும், அழுக்கைப் பிடித்துவைக்கும். பூச்சு அடித்த மேப்பிள் ஃபிங்கர்போர்டுக்கு எந்த எண்ணெயும் தேவையில்லை, ஈரத் துணி போதும்.

சுருதி நிற்கவில்லை, மேல் ஃப்ரெட்டுகளில் பேசுரம்

கம்பி பழசாகியிருந்தால் எதையும் தொடாமல் முதலில் கம்பியை மாற்றுங்கள். வியர்வை ஏறிய கம்பியின் கனம் சீராக இருக்காது. அதை வைத்துச் சேடிலை நகர்த்தினால் அந்தப் பிழையை பிரிட்ஜில் பதிய வைத்தது போலாகும்.

புதுக் கம்பி போட்டதும் செய்ய வேண்டிய ஒரு சிறு காரியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சேடிலைத் தாண்டியதும் கம்பி ஒரு வளைவாக எழும்பி நிற்கும். அந்த இடத்திலும் நட்டுக்கு முன்பும் விரலால் லேசாக அழுத்தி, கம்பி நேராகக் கிளம்பும்படி செய்யுங்கள். பி கம்பி மந்தமாக ஒலிக்கிறது, சுருதி இரண்டாகக் கேட்கிறது என்ற புகாரில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். கம்பியை வெட்டுவதற்கு முன், வெட்டும் இடத்துக்குக் கீழே செங்குத்தாக மடக்கிவிட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் உள்கம்பியின் மேல் சுற்றியிருக்கும் சுற்று தளர்ந்துவிடும், அந்தக் கம்பி பிறகு ஒலிக்காது.

35 அங்குல ஸ்கேல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1951இல் லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸுக்கு வைத்த 34 அங்குலம்தான் இன்றும் பொது அளவு. கடையில் கிடைக்கும் கம்பிகள் அதற்குத்தான் அளவெடுத்தவை. உங்கள் பேஸில் கம்பி உடலுக்குள் புகுந்து பின்பக்கத்திலிருந்து வந்தால் இன்னும் நீளம் தேவை. பட்டு நூல் சுற்றிய பகுதி நட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வாங்கும் முன் பின்முனையிலிருந்து நட் வரை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள்.

பிறகு இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டுகளிலும் சுருதி சரியாக நிற்கும்படி சேடிலை நகர்த்துவது. 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடில் பின்னால் போக வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். விரல் வைக்காத (திறந்த) பி கம்பியின் அதிர்வு 31 ஹெர்ட்ஸுக்கும் கொஞ்சம் குறைவு. பல மொபைல் டியூனர்கள் அங்கே தடுமாறும். ஹார்மானிக்கை வைத்துச் சேருங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் சுரம் ஏறுகிறது, 12இல் சரி என்றால் நட் உயரமாக இருக்கிறது, சேடிலைத் தொடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மேல் ஃப்ரெட்டுகளில் தடித்த கம்பி நடுங்குவது போல ஒலித்தால் பிக்கப் கம்பிக்கு மிகப் பக்கத்தில் வந்துவிட்டது. காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பாருங்கள்: தடித்த பக்கம் 3 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2.5 அளவில் இருந்தால் பெரும்பாலும் போதும்.

ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துப்போகிறது

ஜி கம்பியில் 5 முதல் 7ஆவது ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் எழும்பியவுடன் அடங்குகிறதா? ஃப்ரெட்டில் குறையில்லை. நெக்குக்கென்று ஒரு இயல்பான அதிர்வு உண்டு. அந்தச் சுரம் அதோடு ஒத்துப்போகும்போது கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. திருகாணி நெக் பேஸ்களில் இது சகஜம், விலை உயர்ந்ததிலும் வரும். நெக்கின் தலையான ஹெட்ஸ்டாக்கில் ஒரு சிறு கவ்வியைப் பூட்டி வாசித்துப் பாருங்கள். எடை மாறியதும் அந்த இடம் ஒரு ஃப்ரெட் நகரும், சில சமயம் இரண்டு சுரங்களுக்கு நடுவே போய் மறைந்துவிடும். முழுவதும் ஒழிக்க முடியாது. புதிதாகச் செய்யச் சொல்பவர்கள் கார்பன் தண்டு பதித்த, பல அடுக்கு நெக் கேட்டால் வாய்ப்பு குறையும்.

அழுத்தி வாசித்தால் சத்தம் உடைகிறது, அல்லது சத்தமே இல்லை

மெல்ல வாசிக்கும்போது சுத்தம், பலமாகத் தட்டினால் கிழிந்த சத்தம்: பேட்டரி. ப்ரீஆம்ப் உள்ள ஆக்டிவ் பேஸில் இது முதல் சந்தேகமாக இருக்கட்டும். புது ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் 9க்கு மேல் காட்டும். 8க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள். 18 வோல்ட் பேஸில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெட்டிக்கடையில் விலை குறைவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஜிங்க் கார்பன் வகை, நாள் தாங்காது.

கேபிளைச் செருகினால்தான் ப்ரீஆம்புக்கு மின்சாரம் போகும், ஜாக்கே ஸ்விட்ச். வாசித்து முடித்ததும் கேபிளை உருவாமல் தூங்கப் போனால் இரவு முழுதும் பேட்டரி கரையும். ஒரு திருமண வரவேற்பில் இரண்டாவது பாட்டிலேயே என் பேஸ் அடங்கிப்போனது இதனால்தான். மாலை நான்கு மணிக்குச் செருகியதை யாரும் உருவவில்லை, அதற்கு முந்தைய நாள் ஒத்திகையிலும் அப்படியே. இப்போது பெட்டியில் எப்போதும் இரண்டு புது பேட்டரி இருக்கிறது. பேட்டரி இல்லாமலும் ஒலிக்க வைக்கும் பாசிவ் ஸ்விட்ச் இல்லாத பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம்.

பேட்டரி நன்றாக இருந்தும் சத்தம் வந்து வந்து போனால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்புறம் ஜாக். ஜாக்கின் மரை தளர்ந்தால் வெளியிலிருந்து அப்படியே இறுக்காதீர்கள். உள்ளே ஜாக் முழுதும் சுழன்று வயர் அறுந்துவிடும். மூடியைத் திறந்து, உள்ளே ஜாக்கைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்றால், அதற்கு அடியில் சுழலும் பொட்டென்ஷியோமீட்டரில் (சுருக்கமாக ‘பாட்’) தூசி. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை உள்ளே பீய்ச்சி, முப்பது தடவை இரு பக்கமும் திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். சுத்தம் செய்தும், புது பாட் போட்டும் கரகரப்பு திரும்புகிறதா? அப்படியானால் பாட் வரை டிசி வோல்டேஜ் கசிந்து வருகிறது. மல்டிமீட்டரை டிசியில் வைத்து, பாட் உறுப்பின் இரு ஓரக் கால்களுக்கு இடையில் அளந்தால் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ப்ரீஆம்பில் ஒரு கெப்பாசிட்டர் போய்விட்டது. இதைச் சொல்லி அனுப்பினால் சரிசெய்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் அடிச்சத்தம் காணாமல் போய் மூக்கால் பாடுவது போல் ஆகிறதா? தனித்தனியே நன்றாக இருக்கிறதா? ஃபேஸ், அதாவது அலையின் ஏற்ற இறக்கம், எதிரெதிராக இருக்கும்படி இணைத்திருக்கிறார்கள். ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களை மட்டும் இடம் மாற்றினால் சரியாகும். பிக்கப்பின் உலோக மூடி அந்த வயரில் ஒன்றோடு சேர்ந்திருந்தால் மட்டும் அதைப் பிரித்துத் தனியாக எர்த் கொடுக்க வேண்டும்.

ஹம் வருகிறது

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் உள்ள ஜி 49 ஹெர்ட்ஸ், திறந்த ஜி கம்பி 98. மின்சாரத்தால் வரும் விடாத ரீங்காரமான ஹம்மும் அதன் இரட்டையும் இந்த இரண்டு சுரங்களுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, ஜியில் நிற்கும் பாட்டுகளை அலை அலையாகக் கலக்கிவிடும். அதனால் பேஸ்காரர்கள் ஹம்மைச் சகித்துக்கொள்ளக் கூடாது.

கம்பியைக் கையால் தொட்டதும் ஹம் குறைந்தால் எர்த் வயர் பிரிட்ஜ் வரை வருகிறது, உட்குழிக்குக் கவசம்தான் போதவில்லை. செம்புத் தகட்டை ஒட்டி அதை எர்த்தோடு சேர்த்தால் நன்றாகக் குறையும். தொட்டும் மாற்றமே இல்லையென்றால் பிரிட்ஜுக்கு வரும் வயர் அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரில் பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிச்சுற்றுக்கும் இடையில் தொடர்பு இருக்கிறதா பாருங்கள். நீங்கள் உடம்பைத் திருப்பும்போது ஹம் ஏறி இறங்கினால் அது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் குணம். அத்தகைய பிக்கப் இரண்டு உள்ள ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தால் ஒன்றையொன்று அடித்துவிடும்.

கம்பியைத் தொட்டாலோ, மைக்கில் உதடு பட்டாலோ சுர்ரென்று அடித்தால் அந்த நொடியே வாசிப்பை நிறுத்துங்கள். அது பேஸின் கோளாறு இல்லை, மேடையின் எர்த் கோளாறு. ஜெனரேட்டரில் ஓடும் பந்தல் மேடைகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். ஹம் போகிறது என்று ஆம்பின் மூன்று பின் பிளக்கில் மேலே உள்ள பெரிய பின்னை உடைப்பவர்களும், இரண்டு பின் அடாப்டரில் செருகுபவர்களும் உண்டு. உயிர் போகும் வேலை அது. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சரிசெய்யும் வரை யார் கத்தினாலும் கம்பியைத் தொடாதீர்கள்.

திருகு பிடிக்கவில்லை, ஸ்ட்ராப் பட்டன் கழன்றுவிடுகிறது

துளை தளர்ந்துவிட்டது. மூங்கில் பல்குச்சியையோ ஊதுபத்தியின் சுத்தமான அடிக்குச்சியையோ மரப்பசையில் நனைத்துத் துளைக்குள் நிறைத்து, ஒரு நாள் காயவிட்டுத் திருகை ஏற்றுங்கள். பெரிய திருகைப் போட்டு முடுக்க வேண்டாம். மேற்பூச்சு நைட்ரோ செல்லுலோஸ் என்றால் ரப்பர் வைத்த ஸ்டாண்டில் விடாதீர்கள். ரப்பர் பட்ட இடம் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணி சுற்றுங்கள்.

செய்தவருக்கே அனுப்ப வேண்டியிருக்கிறது

நெக் முறுக்கிக்கொண்டது, ராட் திரும்பியும் வளைவு மாறவில்லை, ஒட்டு விட்டுப்போனது: இந்த மூன்றையும் நீங்கள் தொடவே வேண்டாம். அவருக்கு எழுதும்போது "சத்தம் சரியில்லை" என்று எழுதாமல், பழைய தாளில் உள்ள அளவுகளையும் இன்றைய அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எந்தக் கம்பி, எந்த ஃப்ரெட், என்ன கம்பிக் கனம், எந்த ஊர் ஈரம். பல சமயம் பேஸை அனுப்பாமலேயே பதிலில் தீர்வு வந்துவிடும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் மரத்தின் பெயரை முதலில் பாருங்கள். தோதகத்தி உள்ளிட்ட டால்பெர்ஜியா மரங்கள் 2017 ஜனவரியில், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு கிடையாது, அது 1992 முதலே மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. கூரியரில் கொடுப்பதற்கு முன் நம் நாட்டு ஏற்றுமதி விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொட்டலம் கட்டும்போது கம்பிகளை முழுதும் கழற்றாமல் ஒரு சுரம் இறக்கிவிடுங்கள். பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஹெட்ஸ்டாக்கின் அடியிலும் இரு பக்கமும் துணியைச் சுருட்டித் திணித்து, பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையாதபடி பாருங்கள். அளவெழுதிய தாளின் பிரதி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, அசலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.